முட்தோலியில் தொடங்கிய ஆங்கிலம்

போன வருஷம் ஒரு ராத்திரி, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த மகள் விலங்கியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லை மந்திரம் போல உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எக்கினோடெர்மேட்டா, எக்கினோடெர்மேட்டா. அவள் ஆங்கில வழி. நான் 1996-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தமிழ் வழி ஆள்.

"முட்தோலிகள்தானே? நட்சத்திர மீன் வகை" என்றேன்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தோலில் முள் இருக்கும். பேரிலேயே இருக்கே."

"இங்கிலீஷ்ல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு மறுபடி மந்திரத்துக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. சொற்பிறப்பு சொல்லும் அகராதியைத் திறந்தேன். கிரேக்கத்தில் எக்கினோஸ் என்றால் முள்ளெலி, கடல் முள்ளெலிக்கும் அதுதான் பெயர். டெர்மா என்றால் தோல். ஆக, ஆங்கிலத்திலும் அப்படியேதான் இருக்கிறது, கிரேக்கம் தெரிந்தவருக்கு மட்டும். நாங்கள் பள்ளியில் படித்த தமிழ்ப் பெயர், கிரேக்கப் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து அப்படியே தமிழில் பூட்டிய பெயர். இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாது.

ஆங்கிலச் சொல்வளத்துக்காக நான் அதுவரை எடுத்த முயற்சிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு முறை பட்டியல் வாங்கி ஒரு நாளைக்கு இருபது சொல் என்று ஆரம்பித்தேன். பதினோராம் நாள், இன்னும் 'ஏ' எழுத்தே தாண்டாத நிலையில், முதல் நாள் படித்தது எல்லாம் கரைந்து போயிருந்தது. அப்புறம் விட்டுவிட்டேன். இந்த முறை அடுத்த நாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டேன். இடப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்க் கலைச்சொல். நடுவில் அதன் கிரேக்க அல்லது லத்தீன் துண்டுகள். வலப்பக்கம், அந்தத் துண்டு இருக்கிற வேறு ஆங்கிலச் சொல் ஏதாவது செய்தித்தாளில் மாட்டினால் எழுத.

முதல் மாதம் முழுக்க விலங்கியல்தான். கணுக்காலிகள் என்பது ஆர்த்ரோபோடா: ஆர்த்ரான் என்றால் கணு, மூட்டு; பாட் என்றால் கால். அம்மாவின் மருந்துச் சீட்டில் பல வருஷமாக இருக்கிற ஆர்த்ரைட்டிஸ் அந்தக் கணுதான் என்று தெரிந்தபோது ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாட் என்ற கால், மூன்று கால் உள்ள ட்ரைபாடிலும் எட்டுக் கால் உள்ள ஆக்டோபஸிலும் நிற்கிறது. தலைக்காலிகள் என்றால் செஃபலோபோடா, செஃபல் தலை. மூளைக்காய்ச்சலுக்கு என்செஃபலைட்டிஸ் என்கிறார்களே, அதில் 'என்' உள்ளே, செஃபல் தலை. மெல்லுடலிகள் என்பது மொலஸ்கா, லத்தீன் மொல்லிஸ், மென்மை. கோபமாக இருப்பவரைத் தணிப்பதை மாலிஃபை என்று ஆங்கிலத்தில் சொல்வதும் மென்மையாக்குவதுதான். துளையுடலிகளான போரிஃபெராவில் ஃபெர் என்றால் தாங்குதல், சுமத்தல். டிரான்ஸ்ஃபர் அங்கிருந்து வருகிறது. அரசு ஊழியர்களைக் கேட்டால் சுமப்பது என்ற பொருள் சரிதான் என்பார்கள்.

ஆனால் உண்மையிலேயே துள்ளிக் குதித்தது பேக்கிடெர்ம் என்ற சொல்லுக்காக. கோவை, நீலகிரிப் பக்கம் யானை ஊருக்குள் வந்தால் ஆங்கிலச் செய்தியில் முதல் வரியில் 'எலிஃபண்ட்' என்பார்கள், மூன்றாவது வரியில் பேக்கிடெர்ம் வந்துவிடும். பல வருஷமாக அதைத் தாண்டிக்கொண்டே போயிருக்கிறேன், ஏதோ வனத்துறைச் சொல் என்று நினைத்து. பேக்கிஸ் தடிமன், டெர்மா தோல். முட்தோலியின் அதே தோல்! தடித்தோலி என்று வலப்பக்கத்தில் நானே ஒரு பெயர் வைத்து எழுதினேன். மகளிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா பரீட்சைல கேக்க மாட்டாங்க" என்றாள்.

இரண்டாவது மாதம் திமிர் ஏறிவிட்டது. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் உடைத்துப் பொருள் சொல்ல ஆரம்பித்தேன். அடி விழுந்த இடங்களையும் எழுத வேண்டும்.

பெட் என்றால் லத்தீனில் பாதம். பெடஸ்ட்ரியன், பெடல், சென்டிபீட் எல்லாம் அதுதான். நம் 'பாதம்' சமஸ்கிருதம் வழி வந்த சொல், அதற்கும் இதற்கும் மூலம் ஒன்று. அந்தத் தைரியத்தில் ஆர்த்தோபீடிக்ஸ் என்பதை நேரான பாதம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். தப்பு. அந்தப் பீட், கிரேக்கத்தில் குழந்தை. 1741-இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் குழந்தைகளின் உடல் கோணல்களைச் சரிசெய்வது பற்றி எழுதிய நூலுக்காக உண்டாக்கிய சொல் அது. நேர் என்பதற்கு ஆர்த்தோஸ், குழந்தைக்குப் பைஸ். வளைந்த இளமரத்தைக் கம்பில் சேர்த்துக் கட்டியிருக்கும் படம் அந்த நூலிலிருந்துதான் எலும்பு மருத்துவர்களின் சின்னமாக வந்தது. குழந்தை மருத்துவரான பீடியாட்ரிஷியனும் என்சைக்ளோபீடியாவும் இந்தக் குழந்தைப் பக்கம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: நம் ஊரில் பிரிட்டிஷ் எழுத்துமுறை இன்னும் இருப்பதால், 'பி'க்குப் பிறகு 'ஏ'யும் 'ஈ'யும் சேர்ந்து வந்தால் குழந்தை, 'ஈ' மட்டும் வந்தால் பெரும்பாலும் பாதம். அமெரிக்கர்கள் அந்த 'ஏ'யை எடுத்துவிடுவதால் அங்கே இந்த வழி செல்லாது.

இதைவிடப் பெரிய அடி, டேங்கர் லாரியில். வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது முன்னால் போன லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தது. இன் என்றால் இல்லை என்று முந்தைய வாரம்தான் படித்திருந்தேன். அப்படியானால் எரியவே எரியாது என்றல்லவா ஆகிறது? பெட்ரோல் லாரியில் அப்படி எழுதமாட்டார்கள் என்கிற அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், லத்தீனில் 'இன்' இரண்டு. ஒன்று இல்லை என்பது. இன்னொன்று உள்ளே, மேலே என்பது. இங்கே இரண்டாவது: தீ உள்ளே ஏறுவது. அதே சொல்லிலிருந்து வரும் இன்ஃப்ளமேஷனுக்குத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. அழற்சியை முதலில் நினைத்திருந்தால் லாரி என்னைக் குழப்பியிருக்காது. அன்றிலிருந்து, ஒரு சொல்லைத் துண்டாக்கிப் பொருள் ஊகித்த பிறகு அதற்கு ஏற்கெனவே தமிழ்க் கலைச்சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோட்டில் ஏற்றுகிறேன். எல்லாத் தமிழ்ச் சொல்லும் இப்படி உதவும் என்று இல்லை. நெமட்டோடாவில் இருப்பது நூல், நாம் சொல்வது உருளைப்புழு.

மூன்றாவது மாதம் ஒரு வாரம் முழுக்க முன்னொட்டுகள். இது சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன், நேர்மாறு. 'இன்' என்பதும் 'பாசிபிள்' என்பதும் சேர்ந்தால் ஏன் இம்பாசிபிள்? ப-வின் இனவெழுத்து ம. மரத்தோடு 'கள்' விகுதி சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அதே வேலை. ரெகுலருக்கு முன்னால் இர், லீகலுக்கு முன்னால் இல். தமிழ் ஐயா பிரம்பை வைத்துக்கொண்டு நடத்திய புணர்ச்சி, ரோமாபுரியிலும் நடந்திருக்கிறது. நடைமுறையில் இதன் லாபம் எழுத்துப்பிழை குறைந்தது. அலுவலகக் கடிதங்களில் அக்காமடேஷன் என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதுவேன். அது ஆட், காம், மோட் என்ற மூன்று துண்டு. ஆட்-இன் கடைசி எழுத்து 'சி'யாகத் திரிந்து இரண்டு 'சி'; காம்-இன் 'எம்'மும் மோட்-இன் 'எம்'மும் சேர்ந்து இரண்டு 'எம்'. இனி தப்பாது.

ஐந்து மாதம் முடிந்து இப்போது நோட்டில் தொண்ணூற்றாறு வேர்கள். வலப்பக்கம் நிரம்பாத பக்கங்களும் நிறைய. தலையங்கம், மருத்துவச் செய்தி, நீதிமன்றச் செய்தி எல்லாம் அகராதி இல்லாமல் பெரும்பாலும் ஓடுகிறது. பேச்சு ஆங்கிலம்? ஒரு அங்குலம் நகரவில்லை. 'புட் அப் வித்', 'கெட் அவே வித்' மாதிரிச் சமாச்சாரங்களுக்கு இந்த நோட்டு பயன்படாது. கெட், புட், செட் எல்லாம் ஜெர்மானியக் குடும்பத்துச் சின்னச் சொற்கள், உடைக்க அதில் ஒன்றுமில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசினால் இன்னமும் பக்கத்து இருக்கைத் தம்பியிடம்தான் கொடுக்கிறேன்.

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகள் எனக்கு ஒரு சொல் கொடுக்கிறாள், நான் உடைக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை 'ப்ரோகிராஸ்டினேட்' கொடுத்தாள். ப்ரோ, முன்னால். அதற்குமேல் நகரவில்லை. கண் சொக்கியது. "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்று நோட்டை மூடினேன். மறுநாள் காலையில் அகராதியைப் பார்த்தால், வேலையைத் தள்ளிப்போடுவது என்று பொருள்; லத்தீனில் கிராஸ் என்றால் நாளை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.