கீழே டீ ஜொயின்ட் போட்டால் மேல் லயத்தில் தண்ணீர் ஏன் நிற்கிறது?

தேயிலைத் தோட்டத்தில் கீழ்ப்பக்கம் ஏழு பேர்ச் காணியில் புது வீடுகள் எழும்பினால் தண்ணீருக்கு வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். மேல் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் பைப்பை வெட்டி, ஒரு டீ (T வடிவ ஜொயின்ட்) போட்டுக் கீழே இறக்கிவிடுவார்கள். கீழே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மறுநாள் காலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு) முன்பே மேல் லயத்தில் குடச் சண்டை தொடங்கிவிடும். ஊற்று வற்றிவிட்டது என்பார்கள்.

ஊற்றை அளந்து பாருங்கள். 20 லீட்டர் வாளி 40 செக்கனில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 43,200 லீட்டர். நாற்பது வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 100 லீட்டர் என்றாலும் 20,000தான் வேண்டும். (நுவரெலியாப் பக்கம் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் அளப்பதுதான் சரியான அளவு.)

கோளாறு பொதுப் பைப்பில் இருக்கிறது. டேங்கி மேல் லயத்துக் குழாயைவிட 8 மீட்டர் உயரம், பைப்பின் உராய்வில் போகும் அழுத்தம் 2 மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று வைப்போம். மிச்சம் 6, தாராளம். அதே பைப்பில் இரண்டு மடங்கு தண்ணீர் ஓடினால் உராய்வு ஏறக்குறைய மூன்றரை மடங்காகிவிடும். 7 மீட்டர் அதிலேயே போய், குழாய் சொட்டும். மூன்று மடங்கு ஓடினால் மேல் குழாய் தண்ணீர் தராது, காற்றை உள்ளே இழுக்கும். இதுதான் பயப்பட வேண்டிய இடம். கானுக்குள் (கழிவுநீர் வாய்க்காலுக்குள்) போகும் பைப்பில் ஒரு ஜொயின்ட் இளகியிருந்தாலும் கான் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்துவிடும். வாளிக்குள் முங்கிக் கிடக்கும் ஹோஸ் பைப்பும் அப்படித்தான் அழுக்கை இழுக்கும்.

கீழ்க் கிளைக்குப் பெரிய பைப் போட்டால் நிலைமை மோசமாகும். அது பொதுப் பைப்பிலிருந்து இன்னும் கூடுதலாகத்தான் இழுக்கும்.

நல்ல வழி, டேங்கியிலிருந்தே கீழ் வீடுகளுக்குத் தனிப் பைப். அதற்கு வசதியில்லாவிட்டால், கீழ் வீடுகளுக்குச் சற்று மேலே 5,000 லீட்டர் டேங்கி ஒன்று வைத்து, மிதவை வால்வு பூட்டி, வரும் பைப்பில் இன்னொரு வால்வு வைத்து, தண்ணீரை நிமிஷத்துக்கு 14 லீட்டராகக் கட்டுப்படுத்துங்கள். ஆறு மணித்தியாலத்தில் நிறைந்துவிடும். காலை நெருக்கடியை அந்த டேங்கி தாங்கும், பொதுப் பைப் தாங்க வேண்டியதில்லை. மேல் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும் இரவில், அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, 20 லீட்டர் வாளி சுமார் 85 செக்கனில் நிறையும்படி அந்த இரண்டாவது வால்வைத் திருகி வையுங்கள். தகடு ஏறி இறங்கும் கேட் வால்வை இதற்குப் போடாதீர்கள். அரைகுறையாகத் திறந்தே கிடந்தால் தகடு தேய்ந்து, பிறகு முழுதாக மூடாது. குளோப் வால்வு போட்டு, பெட்டி கட்டிப் பூட்டுங்கள். சாவி மேல் லயத்தில் ஒன்று, கீழ் வீடுகளில் ஒன்று.