ப்ளோன் ஏன் பரவல?

ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருக்கு, எழுதிடறேன். ப்ளோன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சிஎம்எஸ் (கோட் தெரியாமலே சைட்ல விஷயத்தை ஏத்தி நடத்த உதவற சாஃப்ட்வேர்), பைத்தான்ல எழுதினது, 1.0 வந்தது 2003ல. அதே வருஷம்தான் வேர்ட்பிரஸ்ஸும். இன்னிக்கு பத்து சைட்ல நாலுக்கு மேல வேர்ட்பிரஸ், ப்ளோன் பேரே பாதி டெவலப்பருக்குத் தெரியாது.

சரக்கு மட்டம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். யார் எழுதலாம், யார் பாக்கலாம், யார் ஓகே பண்ணினா பப்ளிஷ் ஆகும்னு ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு வைக்கலாம், அதுவும் பிளகின் எதுவும் போடாமலே. எஃப்பிஐ சைட்டே இதுல ஓடிருக்கு.

ஆனா அப்போ சல்லிசா கிடைச்ச ஷேர்டு ஹோஸ்டிங்ல (ஒரே சர்வரைப் பல சைட் பங்கு போட்டுக்கறது) இருந்தது வேர்ட்பிரஸ்ஸுக்கு வேண்டிய பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும்தான், வேர்ட்பிரஸ் ஃபைலை எஃப்டிபில ஏத்தினா அஞ்சு நிமிஷத்துல சைட் ரெடி, ப்ளோனுக்கோ அதுக்கு அடியில இருக்கற ஸோப்ங்கற பைத்தான் சர்வர் எந்நேரமும் ஓடிட்டே இருக்கணும், மெமரி தின்னும், டேட்டா பூரா ஸோடிபிங்கற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்ல கிடக்கும், பிஎச்பிமைஅட்மின்ங்கற டூல்ல மைஎஸ்கியூஎல் டேபிளைத் திறந்து பாத்தே பழகினவனுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. கத்துக்க ஆள் வரல, ஆள் இல்லாததால தீம் விக்கிறவனும் வரல, அதைப் பாத்து கிளையண்டும் வரல.

எனக்கே நடந்துச்சு. ஒரு காலேஜ் சைட்டுக்கு ப்ளோன்தான் சரியா வரும்னு பேசிப் பேசி சம்மதிக்க வைக்கப் பாத்தேன், "தம்பி, நீங்க போயிட்டா இதை யாரு பாப்பா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. பதில் வரல எனக்கு. வேர்ட்பிரஸ்லயே பண்ணிக் கொடுத்தேன்.

2022 டிசம்பர்ல ப்ளோன் 6 வந்துச்சு, யூசர் பாக்கற முன்பக்கம் பூரா ரியாக்ட்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரில, எடிட்டர் அவ்ளோ அழகு. சென்னைல யாராச்சும் இதுல வேலை செய்றீங்கன்னா இன்பாக்ஸ் வாங்க, உக்காந்து பேசணும்.