சத்தமில்லாம ஒரு விமர்சனம்

நேத்து ராத்திரி ஹட்டன்ல அடைமழை. லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துல விழுற சத்தத்துக்கு வசனமே கேட்கல. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு போன்ல ‘த ஷைனிங்’ங்கிற திகில் படத்தைத் திரும்பப் பார்த்தேன்.

எழுத்தாளர் புருஷன் நாள் கணக்கா டைப் அடிச்சு வெச்ச தாள்களை மனைவி புரட்டுற இடம். பக்கம் பக்கமா ஒரே வரி. இடது ஓரம் தள்ளி, பத்தி பிரிச்சு, கதை மாதிரியே அடுக்கியிருக்கான், ஆனா அதே வரிதான். அவ முகம் கொஞ்சம் கொஞ்சமா வெளிறுது. பின்னால வந்து நின்ன அம்மா, ஒரு சத்தமும் கேட்காமலே, “பாவம்டா இந்தப் புள்ள, என்னமா நடுங்குது”ன்னாங்க.

1980ல வந்தப்போ இதே நடிப்புக்குத்தான் மனைவியா நடிச்ச ஷெல்லி டுவாலை ராஸி விருதுக்குப் பரிந்துரைச்சாங்க, மோசமான நடிகைன்னு! இயக்குநர் குப்ரிக்கையும் விட்டு வைக்கல. மூலக்கதை எழுதின ஸ்டீபன் கிங்குக்கும் படம் பிடிக்கல (அவர் கோபத்துல நியாயம் இருக்கு, அது வேற பதிவு). 2018ல, காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்களோட பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டுல படம் ஏறிடுச்சு. டுவாலோட பரிந்துரையை வாபஸ் வாங்க 2022 ஆச்சு. அம்மாவுக்கு அரை நிமிஷம் போதுமா இருந்துச்சு.

அதோட கரண்ட் போச்சு, போன்ல சார்ஜும் இல்ல. கோடரி சீன் இன்னைக்கு ராத்திரிதான்.