மூன்று நாள் பீப்பாய்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை பூமிக்கு அடியில் தொடங்கியது. 2004 இலையுதிர் காலத்தில் முதுகலை படிக்கப் போயிருந்தேன். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். தென் லண்டனில் ஒரு தெருமுனைப் பப்பின் கதவில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். விசாரித்ததும் அறுபதைத் தாண்டிய லேண்ட்லேடி (பப்பை நடத்தும் பெண்மணியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) என்னை நேராக நிலவறைக்கு அழைத்துப் போனார். "கிளாஸ் கழுவ யாரும் கற்றுக்கொள்ளலாம். கீழே இருப்பதைக் கற்றுக்கொண்டால்தான் நீ பப் வேலைக்காரன்" என்றார்.

கீழே 12 டிகிரி குளிர். மரச் சட்டத்தின்மேல் பீப்பாய்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது காலன், அதாவது 72 பைண்ட். ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல். காஸ்க் ஏல் என்னும் இந்தப் பீப்பாய்ப் பீர் தொழிற்சாலையிலேயே முடிந்துபோகும் சரக்கல்ல. பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடிருக்கும். மேல்துளையில் காற்றுக் கசியும் மெல்லிய மரமுளையை அடித்து வாயுவை வெளியேற விட வேண்டும். பொங்குவது அடங்கியதும் கெட்டி முளையை மாற்றி அடிக்க வேண்டும். பிறகு கலங்கல் அடியில் படியும்வரை யாரும் அசைக்கக் கூடாது. அந்தக் கலங்கலைப் படியவைக்கச் சேர்க்கும் ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது என்று அவர் சொன்னபோது ஒரு கணம் நின்றுவிட்டேன். நான் பாம்பன் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் கூறல் மீன் வலையில் விழுந்தால் கரையே கூடிவிடும். மீனைவிட அதன் நெட்டிக்குத்தான், அந்தக் காற்றுப்பைக்குத்தான் விலை. வெளிநாட்டுக்குப் போகிறது என்பதற்கு மேல் எங்களில் பலருக்கு எதுவும் தெரியாது. நெட்டிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்பதை அந்த நிலவறையில்தான் அறிந்தேன்.

அன்று அவர் சொன்ன கணக்கு இன்னும் காதில் இருக்கிறது. பீப்பாயைத் திறந்தால் மூன்று நாள். பீர் இறங்க இறங்க அந்த இடத்தில் காற்று புகும். அதற்குமேல் வைத்திருந்தால் சுவை கெட்டுப் புளிக்கத் தொடங்கும். மூன்று நாளில் ஏறக்குறைய 70 பைண்ட் போக வேண்டுமென்றால், அதே ஏலைக் கேட்கும் ஆட்கள் தினமும் வந்தாக வேண்டும். பீரை நம்பி ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, ஆட்களை நம்பித்தான் அந்தப் பீரே இருக்கிறது என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஆட்களை நேரம் சொல்லியே அடையாளம் காட்டலாம். ஐந்தரைக்குத் தச்சர் இருவர். ஆறு மணிக்கு ஓய்வுபெற்ற தபால்காரர். கவுண்டரின் இடது முனையில் நின்றபடியே ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பைண்ட் குடிப்பார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. ஒரு ஜனவரி மாலை ஆறே முக்கால் ஆகியும் அவர் வரவில்லை. "பக்கத்துத் தெருதான், போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வா" என்று லேண்ட்லேடி என்னை அனுப்பினார். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் நண்பகலிலிருந்து கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று அவரைத் தேட வேறு யாருக்கும் காரணம் இல்லை.

2005 நவம்பரில் புதிய உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 11 மணிக்குக் கடைசி மணி அடித்து விற்பனையை நிறுத்தும் கட்டாயம் போயிற்று. நாடு விடிய விடியக் குடிக்கும் என்று பத்திரிகைகள் அலறின. எங்கள் பப்பில் வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணி நேரம் கூடியது, அவ்வளவுதான்.

2007 ஜூலை 1 அப்படியல்ல. இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைப்பது அன்று முதல் தடைசெய்யப்பட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. மூன்று ஆண்டுகளாக என் ஒரே குளிர்கோட்டில் ஏறியிருந்த நாற்றம் போயிற்று. அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலுக்கும் ஒரு மதிப்பு வந்தது. ஆனால் தச்சர்கள் வெளியே நடைபாதையில் நின்றார்கள். நவம்பர் மழையில் அதுவும் நின்றது. பல்பொருள் அங்காடியில் பீர் கேன் மலிவாகக் கிடைத்தது, வீட்டில் சிகரெட்டைத் தடுக்க ஆளில்லை. வாரத்துக்கு நான்கு பீப்பாய் திறந்த இடத்தில் இரண்டானது.

எல்லாப் பழியையும் புகைத் தடையின் தலையில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். பப்பை உள்ளிருந்து அரித்தது வாடகை. பெரிய பீர் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பப்களைத் தம் பிடியில் வைத்திருந்ததைத் தளர்த்த 1989இல் அரசு ஆணை போட்டது. அவை பப்களை விற்றன. வாங்கியவை பெரும்பாலும் கட்டடங்களை முதலீடாகப் பார்த்த நிறுவனங்கள். பிடி தளரவில்லை, கை மாறியது. எங்கள் லேண்ட்லேடி அப்படி ஒரு நிறுவனத்தின் குத்தகைதாரர். பீரை அவர்களிடம்தான் வாங்க வேண்டும், வெளியே மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. வாடகை தனி. குத்தகைதாரருக்குச் சட்டம் ஓரளவு கைகொடுத்தது 2016இல்தான். அவர் 2011லேயே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டே நிறுவனத்தார் டார்ட்ஸ் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த மூலையில் சாப்பாட்டு மேசை போட்டால் வருமானம். பலகையை இறக்கியது நான்தான். சுவரில் அதைச் சுற்றி அம்பு தவறிய துளைகள் அம்மைத் தழும்புபோல் இருந்தன. பலகையிலிருந்து 7 அடி 9¼ அங்குலம் தள்ளி, எறிபவர்கள் நிற்கும் கோட்டில், தரைவிரிப்பு இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்து நூல் தெரிந்தது. அதன்மேல் மேசையை இழுத்துப் போட்டோம்.

பழைய பப் எல்லோரையும் வரவேற்றது என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. பின்னாளில் வேலை நிமித்தம் பர்மிங்காம் பக்கம் போனபோது ஸ்மெதிக்கில் ஒரு பஞ்சாபிப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வார்ப்பாலை வேலைக்கு வந்த அவர் தலைமுறைக்கு அங்கே சில பப்களில் பீர் மறுக்கப்பட்டது. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்து இந்த நிறவேற்றுமையை நேரில் பார்த்தார். அதே ஆண்டில் வந்த இன உறவுச் சட்டம் அதைச் சட்டவிரோதமாக்கியது. பின்னர் அந்த வட்டாரத்தில் பஞ்சாபியர்களே பப்களை எடுத்து நடத்தினார்கள். நிலவறைப் பீரை மேலே இழுக்கும் கைப்பம்பின் பக்கத்தில் தந்தூரி அடுப்பு. நான் போன மாலையில் வெள்ளையர் குடும்பங்களும் சீக்கியக் குடும்பங்களும் அடுத்தடுத்த மேசைகளில் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் டாமினோ ஆட்டம் சூடாக நடந்தது. பப் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை என்று அன்றுதான் தெளிவானது. மாற்றிய கை அங்கேயே வாழும் கையா என்பதைத்தான் பார்க்கிறேன். தென் லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் பப்பை 2013இல் அக்கம்பக்கத்தார் பங்கு போட்டு வாங்கிய செய்தியைப் படித்தபோதும் என் பழைய லேண்ட்லேடிதான் நினைவுக்கு வந்தார்.

2023இல் என் பழைய பப்புக்குப் போனேன். சுவரெல்லாம் சாம்பல் வண்ணம், நல்ல சமையல், மேசையில் ஒட்டிய குறியீட்டைத் தொலைபேசியில் காட்டினால் பீர் தேடி வருகிறது. கவுண்டருக்கு முன்னால் நிற்க இடமில்லை. இடது முனையில் பணம் வாங்கும் கருவி. நான்கு கைப்பம்புகளில் ஒன்று மிஞ்சியிருந்தது. அந்த ஏலையே கேட்டேன். பம்பை இழுத்த இளைஞர் மரியாதையானவர். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தேன், தெளிவாகத்தான் இருந்தது. முதல் மிடறிலேயே நாவில் ஆப்பிள் காடியின் புளிப்பு.

"இந்தப் பீப்பாயை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டேன்.

சக ஊழியரிடம் விசாரித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை என்றார். அன்று வியாழன்.