பசை எங்கே பிடிக்கிறது

மியான்மரின் யாங்கோனில் பல் மருத்துவராக இருந்து, குன்யா எனும் வெற்றிலைப் பாக்கு மெல்லும் வாய்களைப் பார்த்துப் பழகினால், பல்லின் நிறத்தை நம்பக் கூடாது என்பது சீக்கிரமே புரிந்துவிடும். சுண்ணாம்பும் பாக்கும் ஏற்றிய கருஞ்சிவப்புக் கறைக்கு அடியில் கல்லைப் போன்ற பல் இருக்கும். வெளுப்பாகத் தெரியும் பல்லுக்குள் சொத்தை நரம்பு வரை போயிருக்கும். அதனால் கையால் சுரண்டிப் பார்த்தே முடிவு செய்கிறேன். சொத்தையைக் காட்டும் சாயம் கூட நரம்புக்கு அருகிலுள்ள நல்ல பகுதியிலும் சற்று ஏறிவிடுகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், சொத்தைக் குழியை நிரப்பும் அடைப்பு நிலைப்பதும் விழுவதும் அதைப் பல்லோடு ஒட்டவைக்கும் பசை எந்தப் பரப்பில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது. பசைப் பெட்டியோடு வரும் தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஒட்டு வலிமை பெரும்பாலும் பிடுங்கிய, சொத்தையில்லாத பற்களில் அளந்தது. என்னிடம் வருகிறவர்களின் பற்கள் அப்படிப்பட்டவை அல்ல.

பல்லின் வெளி உறையான எனாமல் தொல்லை தராது. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுதான். பாஸ்பாரிக் அமிலம் தடவினால் நுண்குழிகள் விழும், பசை அவற்றில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1955இல் பல் மருத்துவ ஆய்வாளர் புவனோகோர் காட்டிய வழி இன்றும் மாறவில்லை.

எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில்தான் சிக்கல். அதில் தாது சுமார் 70 சதவீதம், மீதி கொலாஜன் என்ற புரத இழையும் நீரும். அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் வலை வெளிப்படும். பசை அந்த வலைக்குள் ஊறி இறுகினால் கலப்பு அடுக்கு உருவாகும். 1982இல் ஜப்பானிய ஆய்வாளர் நகபயாஷி இதை விளக்கினார். நல்ல டென்டினில் இது ஒழுங்காக நடக்கிறது. சொத்தை தொட்ட டென்டின் ஏற்கெனவே தாது இழந்து நீர் மிகுந்திருக்கும். அதன் நுண்குழாய்களை அமிலத்துக்கு எளிதில் கரையாத படிகங்கள் அடைத்திருக்கும். அமிலம் ஆழமாகப் போய்விடும், பசையால் அடிவரை போக முடியாது. கலப்பு அடுக்கு தடிமனாகத் தெரிந்தாலும் வலிமை குறைவு. பசை படாமல் நின்ற கொலாஜனை நீரும் பல்லின் சொந்த நொதிகளும் மெல்லமெல்லச் சிதைக்கின்றன. கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் எம்டிபி என்ற வேதிப்பொருள் கலந்த பசைகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. ஆனால் பற்றிக்கொள்ளக் கால்சியமே குறைந்த இடத்தில் அவையும் என்ன செய்யும்?

அப்படியானால் மென்மையானதையெல்லாம் சுரண்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆழமான சொத்தையில் அப்படிச் செய்தால் நரம்பு திறந்துகொள்ளும். யாங்கோனின் தாமுவே பகுதியிலிருந்து வந்த ஒரு பெரியவர், அருகில் இருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சயாமா, அடியில் இன்னும் இருக்கிறதே, அதை வைத்தா மூடுகிறீர்கள்?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா, ஓரம் முழுவதும் கெட்டியாகும்வரை எடுத்துவிட்டேன். பசைக்குப் பிடி அங்கேதான். அடியில் இருப்பது நரம்புக்குக் கூரை, அதை எடுத்தால் வேர் சிகிச்சைதான்" என்றேன். ஆழமான சொத்தையில் நரம்புக்கு மேலே மென்மையான டென்டினை விட்டுவைக்கலாம் என்று 2016இல் பன்னாட்டு நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது. ஓரம் இறுக மூடியிருந்தால் உள்ளே மிஞ்சிய கிருமிகளுக்கு உணவு போவதில்லை.

கெட்டியாக இருந்தாலே பசை பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. பல்லாண்டுகள் பாக்கு மென்று தேய்ந்த பற்களில் டென்டின் கண்ணாடிபோல் பளபளக்கும்; அமிலம் அதில் சரியாக வேலை செய்யாது. அங்கே மேற்பரப்பை பர் எனும் துளைப்பான் முனை கொண்டு சொரசொரப்பாக்கிய பிறகே அமிலம் தடவுகிறேன்.

ஏப்ரல் வெயிலும் மின்வெட்டும் சேர்ந்தால் இன்னொரு கவலை. அசிட்டோனோ எத்தனாலோ கரைப்பானாக உள்ள பசைப் புட்டியின் மூடியைத் திறந்து வைத்தால் கரைப்பான் ஆவியாகிவிடும், பசை கெட்டிப்படும். பல் தயாரான பிறகுதான் சொட்டு விடவேண்டும் என்று உதவியாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஓரம் ஈறுக்குக் கீழே போய், எனாமலே மிஞ்சாத பற்களில் பசையால் ஒட்டும் காம்போசிட் எனும் பிசின் அடைப்பை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஈரத்தை ஓரளவு தாங்கும், பல்லோடு வேதியியலாக ஒட்டும் கிளாஸ் அயனோமர் எனும் அடைப்பு சிமெண்டை வைக்கிறேன். அது சீக்கிரம் தேயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானவர்கள் சம்மதிக்கிறார்கள்.