அசையாதபோது எல்லாம் சரி: கார் சப்வூஃபரைச் சரிசெய்த அனுபவம்

என் காரின் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், மெதுவாகப் பாட்டு வைத்தால் ஒழுங்காகப் பாடும். கொஞ்சம் சத்தம் கூட்டி, தவிலோ டிரம்மோ ஓங்கி விழுகிற இடம் வந்தால் டக்கென்று நின்றுவிடும். இரண்டு மூன்று விநாடி கழித்துத் தானாகவே திரும்பி வரும். எப்போது நிற்கும், எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. நண்பரிடம் சொன்னேன். "காயில் போயிருக்கும், புதுசு மாத்திடு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. பல வருஷம் அருமையாகப் பாடிய 12 அங்குல சப்வூஃபர் அது. காயில், அதாவது ஸ்பீக்கரின் கூம்பை (கோனை) அசைக்கும் கம்பிச் சுருள், கருகியிருந்தால் இப்படி விட்டு விட்டுப் பாடுமா என்ற சந்தேகமும் இருந்தது.

மல்டிமீட்டரை எடுத்தேன். சப்வூஃபருக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு ஓம் அளந்தால் 3.6 வந்தது. 4 ஓம் சப்வூஃபருக்கு மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை எது வந்தாலும் காயில் நன்றாக இருக்கிறது என்று பொருள். பெட்டியில் போட்டிருக்கும் 4 ஓம் என்பது பாட்டு ஓடும்போது உள்ள தடை. மீட்டர் காட்டுவது கம்பியின் நேர்மின் தடையை மட்டும்தான், அதனால் கொஞ்சம் குறைவாகவே காட்டும். சரி, சப்வூஃபர் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ என்று முடிவு செய்தேன். அந்த முடிவு பாதிதான் சரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டேன். பேஸ் விழும்போதெல்லாம் ஆம்பின் பச்சை விளக்கு மங்கியது. ஒரு பெரிய அடியில் அணைந்தே போய், திரும்ப எரிந்தது. சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரியவில்லை. அதாவது ஆம்ப் ஷார்ட் எதையும் கண்டு பயந்து நிற்கவில்லை, அதற்குப் போதுமான கரண்ட் கிடைக்கவில்லை.

ஆம்புக்கு மின்சாரம் தரும் இணைப்புகள் மூன்று. பேட்டரியிலிருந்து நேராக வரும் பாசிட்டிவ், காரின் உடலோடு சேரும் எர்த், ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட் ஒயர். ரிமோட்டில் 12 வோல்ட் வந்தால்தான் ஆம்ப் விழிக்கும். பாட்டு ஓடாதபோது அளந்தால் மூன்றிலும் குறையே இல்லை. பேட்டரி பக்கத்து ஃபியூஸும் நன்றாக இருந்தது, அதன் ஹோல்டரில் சூடு பட்ட நிறம்கூட இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. பாட்டு ஓடும்போது வரும் கோளாறை, பாட்டு ஓடாதபோது அளந்தால் எப்படித் தெரியும்? என்ஜினை ஓடவிட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டுத் திரும்ப அளந்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட் அப்படியே நின்றது. ஆம்பின் முனைகளில் மட்டும் 11.8 வரை இறங்கியது. மீட்டர் காட்டுவது சராசரி. அடி விழும் கணத்தில் அதைவிடக் கீழே போயிருக்கும். நடுவில் 2.3 வோல்ட் எங்கே போனது என்று தேட, ஒரு நீளமான ஒயரை பேட்டரி நெகட்டிவில் மாட்டி டிக்கி வரை இழுத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை ஆம்பின் எர்த்திலும் வைத்தேன். 1.9 வோல்ட்! அங்கே 0.1, 0.2-க்கு மேல் வரவே கூடாது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு எர்த் போல்டைத் திறந்தேன். (இதை முதலில் கழற்றாமல் கை வைக்காதீர்கள். பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்க அந்த ஒரு நொடி போதும்.) ஒயரின் முனையிலுள்ள உலோக வளையமான லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. போல்டின் மரை வழியாக மட்டும்தான் இத்தனை நாளும் கரண்ட் போயிருக்கிறது. அதிலும் துரு ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, தகரம் வெள்ளையாகப் பளபளக்கும் வரை விடவில்லை. புது லக் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே துரு பிடிக்காதபடி கிரீஸ் தடவினேன். திரும்ப அளந்தபோது 0.07 வோல்ட். ஆம்பின் விளக்கு அசையாமல் எரிந்தது. அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டு முழுக்க டிக்கி பக்கம் நின்றிருந்தேன்.

நாலு நாள் நன்றாகப் பாடியது. ஐந்தாம் நாள் பழையபடி விட்டு விட்டு வந்தது. ஆனால் இந்த முறை ஆம்பின் விளக்கு மங்கவில்லை. வீட்டிலிருந்த ஒரு பழைய 4 ஓம் ஸ்பீக்கரை ஆம்பில் மாட்டி, குறைந்த சத்தத்தில் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆக, ஆம்ப் தப்பித்தது. 3.6 ஓம் காட்டிய சப்வூஃபர்தான் குற்றவாளி.

எர்த்தில் கற்றது இங்கே கைகொடுத்தது. அசையும்போது வரும் கோளாறை அசைத்துத்தான் அளக்க வேண்டும். மீட்டரை மாட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தினேன். ஒரு பக்கமாக அழுத்தினால் காயில் காந்தத்தில் உரசும், அதனால் அவசரம் கூடாது. 3.6, 3.6... முக்கால் தூரம் போனதும் எண் துள்ளி ஓஎல், அதாவது இணைப்பே இல்லை, என்று வந்தது. கையை எடுத்தால் திரும்ப 3.6. கோன் போய்வரும்போது உரசல் சத்தம் இல்லை, கருகல் வாசனையும் இல்லை. காயிலுக்கு உயிர் இருக்கிறது, அதற்குப் போகும் வழி எங்கேயோ அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடக்கிறது.

பெட்டியிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி, அதாவது டின்சல் ஒயர், பார்வைக்கு முழுசாக இருந்தது. டெர்மினல் பக்கத்தில் இடுக்கியால் லேசாகத் தூக்கியபோது, மெல்லிய செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, நடுவிலுள்ள நூல் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கோன் ஒரு விநாடிக்கு 40, 50 தடவை போய்வரும்போது அந்தக் கம்பியும் கூடவே வளைகிறது. அத்தனை வருஷம் தாங்கியதே பெரிது.

அறுந்த முனையை வெட்டி அப்படியே பற்ற வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கம்பி குட்டையாகிவிடும். கோன் முழுசாக வெளியே வரும்போது இழுத்து மறுபடியும் அறுக்கும். சாதாரண ஒயரும் ஆகாது, அந்த வளைவைத் தாங்காமல் சீக்கிரம் உடையும். அதனால் அதே தடிமனில் புது டின்சல் ஒயர் வாங்கி, ஒன்று போனால் மற்றதும் போகும் என்று இரண்டையும் மாற்றினேன்.

கோன் பக்கத்து இணைப்பின் மேல் கறுப்புப் பசை இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டத்தான் அதிக நேரம் பிடித்தது. காயிலின் முனைக் கம்பி அங்கேதான் வருகிறது, அது அறுந்தால் சப்வூஃபரே போச்சு. சாலிடரிங் அயர்னை நன்றாகச் சூடேற்றி, தொட்ட இரண்டு விநாடியில் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கோன் கருகும். ஈயம் பின்னல் வழியாக ஊறிப் போகாமல் பார்ப்பது இன்னும் முக்கியம். ஊறிய இடம் விறைத்துப்போய், அந்த விளிம்பிலேயே அடுத்து உடையும். ஈயம் ஓடாமலிருக்க, பற்ற வைக்கும் இடத்தை ஒட்டி ஒயரை இடுக்கியால் கவ்விப் பிடித்துக்கொண்டேன். கோன் முன்னே வந்தால் இழுக்காமலும் பின்னே போனால் கோனில் அடிக்காமலும் ஒரு வளைவு விட்டு, ரப்பர் மாதிரி நெகிழும் பசை வைத்து ஒரு நாள் காயவிட்டேன்.

மறுநாள் அழுத்திப் பார்த்தேன். அடி வரை போனாலும் 3.6 அசையவில்லை. 1.5 வோல்ட் செல்லின் பாசிட்டிவை சப்வூஃபரின் பாசிட்டிவில் தொட்டேன், கோன் சற்று வெளியே வந்தது. ஒயர் மாறிவிடவில்லை.

பெட்டியில் திரும்பப் பொருத்தும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன், காற்று கசியக் கூடாது. ஆம்பில் மாட்டுவதற்கு முன் கெயினையும், அதாவது ஆம்ப் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பையும், பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபர் இல்லாமல் ஆம்பின் வெளியீட்டை ஏசி வோல்ட்டில் அளந்தால் 39 வந்தது. 4 ஓமில் அது 380 வாட். என் சப்வூஃபர் தாங்குவது 250. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும், எனக்கு 31.6. அங்கே கெயினை நிறுத்தி, பேஸ் பூஸ்டை அணைத்து, தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். முன்பைவிடச் சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் முன்பு ஒரே இரைச்சலாகக் கேட்ட இடத்தில் இப்போது மிருதங்கத்தின் இடது பக்கத்து நாதம் தனியாகக் கேட்கிறது.