எலித்தோலில் நீல வட்டம்: காரைக்குடி நாட்குறிப்பு

மே 6
மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்தே அது ஒவ்வாமையை அடக்குமா என்று கணிப்பதுதான் எனக்கு வாய்த்த தலைப்பு. கையில் இருப்பது 1979இல் வெளியான, ஒவ்வாமையை அடக்கும் பைரனினமீன் என்ற சேர்மக் குடும்பத்தின் அட்டவணை. எலியின் தோலில் எதிர்ப்பொருளை ஊசியால் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வாமைப் பொருளையும் நீலச் சாயத்தையும் இரத்தத்தில் செலுத்துவார்கள். குத்திய இடத்தில் குழாய்கள் கசிந்து நீல வட்டம் படரும். மருந்து பலித்தால் வட்டம் சுருங்கும். நான் அலட்டிக்கொள்ளாமல் தட்டச்சு செய்யும் தசம எண்கள் எல்லாம் அந்த வட்டங்களிலிருந்து வந்தவை.

மே 9
வடிவத்தை எண்ணாக்க ஒரு வழி: ஹைட்ரஜனை விட்டுவிட்டு அணுவைப் புள்ளியாகவும் பிணைப்பைக் கோடாகவும் வரைய வேண்டும். எந்த இரு புள்ளிகளுக்கும் நடுவே குறைந்தது எத்தனை கோடுகள் என்று எண்ணி, எல்லாவற்றையும் கூட்டினால் வீனர் எண். ஹாரி வீனர் 1947இல் சொன்னது. நேராக நீளும் பியூட்டேனுக்கு 10, கிளைவிட்ட ஐசோபியூட்டேனுக்கு 9. கொதிநிலையும் கூடவே இறங்குகிறது: முன்னது மைனஸ் 0.5 டிகிரி, பின்னது மைனஸ் 11.7. காகிதத்தில் எண்ணிய எண் அடுப்பில் நடப்பதைச் சொல்கிறது என்றால் மயங்காமல் என்ன செய்வது?

அப்பத்தா எட்டிப் பார்த்து, "புள்ளி வைத்தவள் கோலத்தை முடிக்காமல் எழுந்து போய்விட்டாளா?" என்றார்.

மே 10
பகல் முழுக்க மின்சாரம் இல்லை.

மே 14
முன்னோருக்கான படைப்புக்காகக் கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாம் கட்டு அறையைத் திறந்தார்கள். பித்தளை அண்டாக்களின் மேல் விரல் பதியும் அளவுக்குத் தூசி. அப்பத்தாவுக்குத் தும்மல் நிற்கவே இல்லை, செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை கொடுத்தோம்.

மாத்திரை அட்டையைப் புரட்டும்போதுதான் உறைத்தது. செட்டிரிசின் என்பது ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களின் சமக் கலவை. ஒவ்வாமையில் தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமின் உடலில் போய் ஒட்டும் இடமான ஏற்பியை வலுவாகப் பற்றுவது அவற்றில் ஒன்றுதான். அதைத் தனியே பிரித்து லெவோசெட்டிரிசின் என்று விற்கிறார்கள். பத்து மில்லிகிராம் வேண்டிய இடத்தில் ஐந்து போதும். ஆனால் வீனர் எண் இரண்டுக்கும் ஒன்றே! யார் யாரோடு இணைந்திருக்கிறார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பது தெரியாது. வேதிப்பொருள்களைச் சலிக்க நல்ல சல்லடை. தீர்ப்புச் சொல்லும் வேலையை அதனிடம் கொடுக்க மாட்டேன்.

மே 17
பேராசிரியரிடம் சொன்னேன். "ஆடிப் பிம்பம் இருக்கட்டும் அம்மா, முதலில் எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே சேர்மம் எப்படிப் பிரிகிறது என்பதைச் சேருங்கள்" என்றார். நியாயம்தான். வேதியியலாளர்கள் ஹேன்ஷும் ஃபுஜிதாவும் 1964இலேயே, வடிவத்திலிருந்து வீரியத்தைக் கணிக்கும் சமன்பாட்டில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். பைரனினமீன்களிலும் நீரை விரும்பும் தொகுதிகளைச் சேர்த்த பிறகுதான் வீரியம் ஏறியது. புது அட்டவணையைச் சனிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார். அண்டா துலக்க ஆள் தேடும் பொறுப்பும் என் தலையில்.